பதின்வயதுப் பெண்களுக்கான ஆறு வாரக் குழு: மனச்சோர்வையும் காதல் வன்முறையையும் சேர்த்தே கையாள ஒரு வழிகாட்டி

பள்ளி, விடுதி, ஊர் மாலை வகுப்பு என்று எங்கேயாவது 14 முதல் 17 வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பேசப்போகும் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்குமாக எழுதியது இது. மனநலத்துக்கு ஒரு கூட்டம், ‘பெண்கள் பாதுகாப்பு’க்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாக நடத்துவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு கூட்டத்திலும் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தது பெரும்பாலும் அதே பெண்கள்தான்.

காரணம் புரிய நாளானது. மனசு சோர்ந்து கிடக்கும் பெண்ணுக்கு “என்னையும் ஒருத்தன் கவனிக்கிறானே” என்பது பெரிய விஷயம். அவன் கட்டுப்படுத்த ஆரம்பித்ததும் தோழிகள் விலகுகிறார்கள். தோழிகள் போனால் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடக் கூட, இவனையும் விட்டால் வேறு யார் என்ற பயம். இத்தனைக்கும் மேலே ஒரு பூட்டு: வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும். அடிப்பதைவிட “உங்க வீட்ல சொல்லிடுவேன்” என்ற ஒரு வரியை வைத்தே பையன்கள் அதிகம் சாதித்துக்கொள்கிறார்கள். அந்த வரியின் பலத்தைக் குறைப்பதுதான் கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் நோக்கம்.

1. உள்ளே போகும் முன்: எண்களை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் பாடம் தயாரிக்கிறார்கள், படம் போட்ட அட்டை செய்கிறார்கள். அதெல்லாம் பிறகு. ஒரு பெண் வாயைத் திறந்தால் அவளை யாரிடம் கூட்டிப்போவது என்பதற்கு விடை இல்லாமல் வகுப்புக்குள் காலடி வைக்காதீர்கள். சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவள் அடுத்த முறை யாரிடமும் சொல்லமாட்டாள்.

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழிலும்). குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417. ஒவ்வொன்றையும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும், மொழியைத் தேர்வு செய்ய எந்தப் பொத்தான், எடுப்பவர் முதலில் என்ன கேட்பார் என்று நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பதிவு செய்த குரல் கேட்டதும் பயந்து வைத்துவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். “முதலில் ஒரு மெஷின் குரல் பேசும், வைத்துவிடாதே” என்று முன்பே சொன்னால் போதும்.

அடுத்து, பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை புறநோயாளிகளைப் பார்க்கிறார் என்று நேரில் போய் விசாரியுங்கள். வட்ட மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாள்களில்தான் வரும். நாள் தெரியாமல் ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் பஸ் ஏற்றி அனுப்பி, டாக்டர் இல்லை என்று திரும்பி வந்தால், அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இன்னொரு முறை வருவது சந்தேகம்தான்.

குழுவில் எட்டு முதல் பத்துப் பேர். நடத்த இரண்டு பெண்கள் வேண்டும். ஒருத்தி அழுதுகொண்டு வெளியே போனால் பின்னால் போக ஒருவர், மற்றவர்களோடு இருக்க ஒருவர். ஒரே ஆளாக நடத்துவது தவறு. அப்படி நடத்திய ஒரு நாள், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றிருக்கிறேன்.

நேரத்தை ஊர் பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள். மாலை வகுப்பென்றால் பாதிப் பேர் கடைசி இருபது நிமிடம் கடிகாரத்தையே பார்ப்பார்கள். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘வளரிளம் பெண்களின் மனநலமும் பாதுகாப்பும்’ என்று எழுதினால் போதும். அது பொய்யும் இல்லை, வீட்டில் கேள்வி எழுப்புவதும் இல்லை.

2. முதல் பத்து நிமிடம்: எது நமக்குள், எது இல்லை

“இங்கே பேசுவது எல்லாம் ரகசியம்” என்று சொல்லி ஆரம்பிப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை.

2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்று அஞ்சினாலோ, தெரிந்தவர் காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை. விருப்பத்தோடு நடந்தது என்று அவள் சொன்னாலும் வயது வரம்பு 18தான். பதின்வயதுக் காதல்களைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் சொன்னது உண்மை. அதற்காக வயது வரம்பு மாறிவிடவில்லை. இது காதல்தானே, சொல்ல வேண்டாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இல்லை.

ஆகவே முதல் நாளே, வட்டமாக உட்கார்ந்ததும், இப்படிச் சொல்லுங்கள்: “உங்க மனசு, வீட்டுச் சண்டை, யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, இதெல்லாம் இந்த ரூமை விட்டு வெளியே போகாது. மூணு விஷயம் மட்டும் நான் மறைக்க முடியாது. உன் உயிருக்கு ஆபத்து, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து, யாராவது உன் உடம்பைத் தப்பாகத் தொட்டது. அப்படி வந்தா யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்.”

இப்படிச் சொன்னால் யாரும் பேசமாட்டார்களே என்று கேட்பார்கள். பேசுவார்கள். கொஞ்சம் தாமதமாக, எதைச் சொல்வது என்று தெரிந்து பேசுவார்கள். சொன்ன பிறகு ஏமாற்றப்பட்டதாக உணரும் பெண்தான் திரும்பி வரமாட்டாள்.

3. முதல் இரண்டு வாரம்: மனசு மட்டும், காதல் வேண்டாம்

காதலில் ஆரம்பித்தால் அறிவுரை வருகிறது என்று முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆளு இருக்கிறவள், இல்லாதவள் என்று குழு இரண்டாகப் பிரிந்துவிடும். சோர்வு எல்லோருக்கும் பொது. அதனால் அதை முதலில் எடுங்கள்.

பதின்வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிந்து விழுவது, எதற்கெடுத்தாலும் கோபம், தலைவலி, வயிற்றுவலி, பிடித்த கோலமோ கபடியோ சலித்துப்போவது, இரவெல்லாம் விழித்திருந்து வகுப்பில் தூங்குவது, மார்க் சரிவது. வீட்டில் இதற்கு இரண்டு பெயர்: திமிர், சோம்பேறித்தனம். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில் இப்படியே போனால் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. சோர்வெல்லாம் மனசுச் சோர்வு இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) நம் நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் சுமார் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தைராய்டும் உண்டு. மருத்துவமனைக்கு அனுப்பும்போது ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அம்மாக்களை அழைத்துப்போகவும் அது எளிய வாசல்.

மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைப் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நோயைத் தீர்மானிக்கும் தாள் இல்லை, வடிகட்டி மட்டுமே. ஒன்பதாவது கேள்வி சாகத் தோன்றுவதைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றைக்கே தனியாகப் பேச வேண்டும். ஆகவே இந்தத் தாளை வெள்ளிக்கிழமையோ விடுமுறைக்கு முந்திய நாளோ கொடுக்காதீர்கள். வாங்கிய தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படிக்காதீர்கள். அங்கேயே, அவர்கள் கிளம்பும் முன் பாருங்கள்.

இரண்டாம் வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் என்ன செய்தாள், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எந்தச் செயலுக்குப் பிறகு எண் ஏறுகிறது என்று அவளுக்கே தெரியும். ஏறியதை அடுத்த வாரம் இரண்டு மடங்காகச் செய்யச் சொல்லுங்கள். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு மனசு சரியாவதில்லை. செய்யச் செய்யத்தான் கொஞ்சம் தெளிகிறது. நோட்டு வீட்டில் யார் கையிலும் மாட்டலாம். பெயர்கள் எழுத வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அதே வாரம் நினைப்புச் சங்கிலியையும் காட்டுங்கள். “ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் போடல” இது நடந்தது. “நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்” இது நினைப்பு. படபடப்பு வருகிறது, இருபது மெசேஜ் போகிறது. நடந்ததற்கும் நினைப்புக்கும் நடுவில் ஒரு கோடு போடப் பழகினால் போதும். பின்னால் “நான் செஞ்ச தப்புக்குத்தான் அடிச்சான்” என்ற நினைப்பு வரும்போது அந்தக் கோடு உதவும். இதனால்தான் இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்கிறேன்.

4. மூன்றாம் வாரம்: ‘பொசசிவ்’ என்ற சொல்லைப் பிரித்துப்பார்ப்பது

‘வன்முறை’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். அது தங்களுக்கு நடப்பது என்று யாரும் நினைப்பதில்லை. குடித்துவிட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருவார். ‘டேட்டிங்’ என்றால் சிரிப்பார்கள். அவர்களிடம் புழங்கும் சொல் “அவன் கொஞ்சம் பொசசிவ்”. அதையும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள்.

ஏழெட்டு அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் குட்மார்னிங் அனுப்புகிறான். டியூஷனில் யாரோடு பேசினாய் என்று கேட்கிறான். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு வேண்டும் என்கிறான். டிபியை மாற்றச் சொல்கிறான். ஒரு தோழியோடு பேசாதே என்கிறான். சண்டை வந்தால் கையை அறுத்துக்கொள்கிறான். அறைந்துவிட்டு அழுது மன்னிப்புக் கேட்கிறான்.

தரையில் ஒரு கோடு. ஒரு முனை ‘சரி’, மறுமுனை ‘வேண்டாம்’. அட்டைகளை அவர்களே வைக்கட்டும், வாதாடட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இது நடந்த பிறகு அவளோட உலகம் பெரிசாச்சா, சின்னதாச்சா?” இந்தக் கேள்விக்குப் பிறகு பாஸ்வேர்டு அட்டை தானாக நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெண்களும் அடிப்பதுண்டு, அவன் போனைப் பிடுங்கிப் பார்ப்பதுண்டு. யாராவது அதைச் சொன்னால் ஒதுக்காதீர்கள். அதே கோட்டில் அதையும் வையுங்கள். பையனைப் பேயாகக் காட்டினால், அவனை இன்னமும் நேசிக்கும் பெண் அங்கேயே உங்களைக் கைவிட்டுவிடுவாள்.

5. நாலாம் வாரம்: வாய்க்கு வரும்வரை சொல்லிப் பழகுவது

இன்னது தவறு என்று புரிந்தாலும் அந்த நேரத்தில் வாய் வராது. அதனால் நடித்துப் பார்க்க வேண்டும். காட்சி பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. யாருடைய சொந்தக் கதையையும் நடிக்க விடாதீர்கள்; நீங்கள் எழுதிக் கொண்டுவந்த காட்சி மட்டும். சொந்தக் கதை என்றால் நடுவில் உடைந்துபோவாள், மறுநாள் பள்ளி முழுக்கப் பரவிவிடும்.

“பாஸ்வேர்டு தரமாட்டேன். உன்மேல கோபம் இல்ல. இது எனக்கு.” இவ்வளவு சின்ன வாக்கியம் போதும். விளக்கம் சொல்லச் சொல்ல அவனுக்கு வாதாட இடம் கிடைக்கும்.

அதிகநேரம் ஒதுக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு: “நீ விட்டுட்டுப் போனா செத்துருவேன்.” இந்த வரிக்குக் கட்டுப்பட்டு மாதக்கணக்கில் இருக்கும் பெண்கள் அதிகம். அவன் சும்மா சொல்கிறான் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. அவள் செய்ய வேண்டியது, அவன் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கோ அவன் நண்பனுக்கோ உடனே சொல்வது, அவனுக்கு 14416 எண்ணை அனுப்புவது. அவனைக் காப்பாற்ற அவனோடேயே இருக்க வேண்டும் என்ற பொறுப்பு அவளுடையது இல்லை. இதை இரண்டு மூன்று பேரை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள்.

6. ஐந்தாம் வாரம்: போனும் படமும்

“படம் அனுப்பாதே” என்பதோடு நிறுத்துபவர்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்ட பெண்ணை அறையிலேயே தனியாக்கிவிடுகிறார்கள். அனுப்பியாகிவிட்டது, இனி என்ன என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில், மிரட்டல் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பெயர், எண், தேதி தெரிய வேண்டும். அப்புறம்தான் பிளாக். பதற்றத்தில் முதலில் பிளாக் செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவார்கள், கையில் ஒன்றும் இருக்காது. பணமோ இன்னொரு படமோ கேட்டால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்தது கேட்பான்.

டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த அந்தரங்கப் படங்களுக்காகவே இருக்கிறது. படம் அவள் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து உருவாக்கப்படும், கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் மட்டுமே போகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் தடுக்கும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். சுவரொட்டிகளில் பார்க்கும் 1930 முக்கியமாகப் பணமோசடிக்கானது.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆதாரத்துக்காக அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். குழந்தையின் அந்தரங்கப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் போக்ஸோவிலும் குற்றம். மிரட்டல் வார்த்தைகள் உள்ள ஸ்கிரீன்ஷாட் போதும். படத்தைக் காட்டி மிரட்டுவதே போக்ஸோவில் பாலியல் தொல்லைதான், மூன்று ஆண்டு வரை சிறை. திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் அதிலேயே வரும்.

7. ஆறாம் வாரம்: விலகும் நாளைத் திட்டமிடுவது

பிரேக்கப் சொன்னதும் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிடி நழுவுகிறது என்று அவனுக்குத் தெரியும் அந்த நாள்கள்தான் ஆபத்தானவை. அதனால் சொல்வதற்கு முன்பே திட்டம் வேண்டும்.

இரண்டு பேருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டுகள் அன்று காலையே மாற வேண்டும். முன்பே மிரட்டியவன், அடித்தவன் என்றால் நேரில் சொல்ல வேண்டியதில்லை. “கடைசியா ஒரே ஒரு தடவை வா, பேசிட்டுப் போயிடறேன்” என்று கூப்பிட்டால் போகக் கூடாது, தோழியோடும் போகக் கூடாது. அடுத்த சில வாரம் பஸ் ஸ்டாப்புக்கு யாரோடு, எந்த வழியாகப் போவாள் என்று தாளில் வரைந்து பாருங்கள்.

விலகிய பிறகு வெறுமை வரும். இரண்டாம் வாரத்து நோட்டை அப்போது திரும்ப எடுக்க வேண்டும். மனச்சோர்வு திரும்பி வரும் இடமும், அவனிடமே திரும்பிப் போகும் இடமும் அதுதான்.

8. ஒருத்தி சொல்லிவிட்டால்

இது எந்த வாரத்திலும் வரலாம். தனி இடத்தில், கதவு பாதி திறந்திருக்க, உட்காருங்கள். “ஏன் முன்னாடியே சொல்லல?”, “நீ ஏன் போனே?” இரண்டையும் கேட்காதீர்கள். “சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்ல” என்று ஆரம்பியுங்கள். விவரம் தோண்ட வேண்டாம். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள், வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைக்கச் சொல்லுங்கள்.

புகார் வரை போக வேண்டியிருந்தால் அவளுக்கு உள்ள பாதுகாப்பைச் சொல்லுங்கள். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்கலாம். கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை பெண் மருத்துவர். பெயர், பள்ளி, படம் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. இது தெரிந்ததும் பல பெண்களின் முகத்தில் பயம் பாதி குறையும்.

9. வீட்டில் யாரிடம், எப்படி

நேராக அப்பாவுக்குப் போன் போடுவது புதியவர்கள் செய்யும் அடுத்த பெரிய தவறு. அன்றைக்கே போன் பிடுங்கப்படும், அடுத்த வாரம் பள்ளி நிற்கும், சில வீடுகளில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவன் மிரட்டியது நடந்தே விடும், அதுவும் உங்கள் கையால்.

“உங்க வீட்ல கத்தாம கேக்கிறவங்க யார்?” என்று அவளைக் கேளுங்கள். சித்தியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், கல்யாணமான அக்காவாக இருக்கலாம். அவரோடு முதலில் பேசி, அவரை உடன் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போங்கள். “அம்மா, பாப்பா தைரியமா வந்து சொல்லியிருக்கா. நாம திட்டினா அடுத்த தடவை சொல்லமாட்டா” என்று தொடங்குங்கள். படிப்பை நிறுத்தக் கூடாது என்பதை அந்த முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். கல்யாணப் பேச்சு எழுந்தால், 18 வயதுக்கு முன் அது குற்றம், 1098க்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைக் குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

பையன் வேறு சாதி என்றால் கணக்கே வேறு. அவனைவிட வீட்டாரால் ஆபத்து அதிகமாக இருக்கலாம். அவள் “கொன்னுருவாங்க” என்று சொன்னால் பேச்சுவழக்கு என்று கடந்துபோகாதீர்கள். அப்படியானால் வீட்டுக்குச் சொல்லும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் 181ஐயும் கூப்பிட்டு, அவர்களோடு சேர்ந்து அடுத்த அடியை முடிவு செய்யுங்கள்.

10. ஆறு வாரம் முடிந்த பிறகு

ஒரு மாதம் கழித்து ஒரு கூட்டம், மூன்று மாதம் கழித்து இன்னொன்று. தேதியை ஆறாம் வாரமே சொல்லிவிடுங்கள். கேள்வித் தாளை மறுபடியும் கொடுங்கள். முன்பு பத்துக்கு மேல் இருந்தவர்கள் மருத்துவரைப் பார்த்தார்களா, பார்த்தவர்கள் தொடர்ந்து போகிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நடுவில் வராமல் நின்றுபோன பெண்ணின் பெயரைத் தனியாக எழுதிவைத்து, வகுப்புத் தோழி வழியாக இல்லாமல் நீங்களே போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில், மூன்றாம் வாரத்தோடு காணாமல் போனவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது.